என் பெயரில் கிடந்த ஃபோல்டர்

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. தவறாக அவள் எதுவும் செய்யவில்லை. பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். கணவருக்குத் தென்காசியில் உள்ள வங்கிக்கு மாற்றலானதால் இங்கே வந்தாள். கல்லூரி முடிக்கும்போது நானும் சென்னைக் கம்பெனி ஒன்றில் தேர்வானவள்தான். "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் இங்கன எப்படி உறங்குவேன்?" என்றார் அப்பா. நான் போகவில்லை. குற்றாலம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே, வலைத்தளம் செய்து கொடுக்கும் இந்தச் சின்ன அலுவலகத்தில் சேர்ந்து, வேலையைத் தட்டுத் தடுமாறி நானாகவே படித்துக்கொண்டேன். அவள் பெங்களூர்க் கதைகளைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வர வேண்டிய கடிதத்தை வேறு யாரோ பிரித்துப் படிப்பதுபோல் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தின் முக்கியமான வேலை, குற்றாலத்து லாட்ஜ்களில் அறை பதிவு செய்யும் வலைத்தளம். அதை முதலிலிருந்து எழுதியவள் நான். ஒருநாள் அவள் அதைத் தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, மொபைல்ல பாத்தா கண்ணு வலிக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடும் முதலாளி அப்போதே, "அப்ப நீயே மாத்திக் குடும்மா" என்று சொல்லிவிட்டார்.

ஐந்தே நாளில் முடித்தாள். அவள் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழகாக இருந்தது. தேதியைத் தொட்டதும் நாள்காட்டி கீழிருந்து மெதுவாக எழும்பி வந்தது. ஒரு வருடமாக நான் செய்ய நினைத்துத் தள்ளிப்போட்டது அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வலைத்தளத்தின் நிறம், எழுத்து, இடைவெளி எல்லாம் ஸ்டைல் கோப்புகளில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பது ஸ்கிரிப்ட் கோப்புகளில் இருக்கும். மாற்றியதை இணையத்தில் ஏற்றும்போது, தளம் ஓடும் கணினியான சர்வர் இவற்றையெல்லாம் சேர்த்துச் சுருக்கி, ஒன்றிரண்டு கோப்புகளாக ஆக்கி, பெயரோடு எழுத்தும் எண்ணுமாக நீளமான வால் ஒன்றை ஒட்டிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சர்வரில் மெமரி போதாமல் இந்த வேலை பாதியில் நின்றுபோனது. நான் என் கணினியிலேயே கோப்புகளைச் சுருக்கி, அவை இருந்த ஃபோல்டரை அப்படியே நிரலோடு சேர்த்துவிட்டு, சர்வர் செய்யும் வேலையை நிறுத்தி வைத்தேன். தற்காலிகம் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் என் கையால் சுருக்கிச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. என் கை படாமல் அது ஓடாது என்பது போகப்போக எனக்குப் பிடித்தும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கேட்டாள். "அக்கா, ஏத்துறதுக்கு முன்ன வேற ஏதும் செய்யணுமா?"

"ஒண்ணும் இல்ல. அந்த கமாண்ட மட்டும் ஓட்டு, போதும்."

மறந்து சொன்னேனா, தெரிந்தே சொன்னேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

அவள் ஏற்றிய அரை மணி நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் ஒருவர் போனில் கத்தினார். "என்னம்மா, படமெல்லாம் பூதம் மாதிரி நிக்கு, எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. தேதிய அமுக்குனா தெறக்கவே மாட்டேங்கு. அருவில தண்ணி நல்லா விழுது, ஆளுக வந்துக்கிட்டே இருக்காவ!"

பக்கம் புதியது, அதற்குப் போய்ச் சேர்ந்த ஸ்டைல் கோப்பு நான் கடைசியாகச் சுருக்கி வைத்த பழையது. திரையைப் பார்த்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அவள் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. பிரவுசரில் பழைய கோப்பு தங்கியிருக்குமோ என்று அழித்துப் பார்த்தாள். பிறகு சமயோசிதமாகப் பழைய பக்கத்தையே திரும்ப ஏற்றினாள். தளம் பிழைத்தது. ஆனால் அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சீசன் நேரத்துல லாட்ஜ்காரங்க மொகத்துல எப்படிம்மா முழிக்க? இனிமே லைவ் சைட்ட அக்கா மட்டும் தொடட்டும்."

அந்தச் சொல் எனக்கு இனித்தது. கீழே போய் டீ குடித்தேன். சாரல் முகத்தில் அடித்தது. அருவிக்குப் போகும் வேன்கள் வரிசையாகப் போயின. அத்தனை நிம்மதியாக டீ குடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவள் சாப்பிட எழுந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தின் மூல நிரலைத் திறந்து, ஸ்டைல் கோப்பின் பெயரை வாலோடு நகலெடுத்து, எங்கள் நிரலுக்குள் தேடினாள். சர்வரில் மட்டுமே உருவாக வேண்டிய கோப்பு நிரலுக்குள்ளேயே கிடந்தது. அதை எப்போது, யார் சேர்த்தது என்று பார்த்தாள். நான் அவள் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். திரையில் என் பெயர்.

அவள் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இந்த ஃபோல்டர் இங்கன கெடக்குறது ஒங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"காலைல தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். "தெரியும்" என்றேன்.

"நான் கேட்டேனே அக்கா" என்றாள். அவ்வளவுதான். கண் கலங்கியதை மறைக்கத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "அண்ணாச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். என் பழைய கோப்புகள் குறுக்கே கிடந்தன, அவள்மேல் தப்பில்லை என்றேன். அது பாதி உண்மை. காலையிலேயே தெரியும் என்ற மீதியைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. "சரி, கண்டுபிடிச்சாச்சுல்லா, விடு" என்றார் அண்ணாச்சி. அவள் அந்த ஃபோல்டரை அழித்தாள். சர்வரின் ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடத்தை மெமரிக்கு உதவியாக ஒதுக்கி, கோப்புகள் அங்கேயே உருவாகும்படி செய்தாள். இரண்டு வருடம் நான் கையால் செய்த வேலை அவளுக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான்.

இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் நான் சொல்வதை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் செய்கிறாள்.

போன மாதம் வீட்டுக்காரரோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். லாட்ஜ் வாசலில் ஈரத்தலையோடு நின்ற ஒரு பெண் போனில் அறை பதிவு செய்துகொண்டிருந்தாள். தேதியைத் தொட்டாள், நாள்காட்டி எழும்பி வந்தது. "ஏட்டி, இது ஒங்க சைட்டுல்லா? நல்லா செஞ்சிருக்கியே" என்றார் அவர்.

ஆமா என்றேன்.