உட்காருகிறான் என்று சொன்னேன்

குழந்தை வளர்ச்சிக் கார்டில் டிக் அடித்த நர்ஸ் அக்காவே, என் மகனை நீங்கள் பார்க்கவே இல்லை. முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "ஒம்போது மாசமாச்சே, புள்ள உக்காருதா?" என்றீர்கள். தூளியில் கிடந்தவனுக்குத் தலையே நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் வெட்கப்பட்டு, "நல்லா உக்கார்றாங்க்கா" என்று பொய் சொன்னேன். "அப்பறம் என்னடி, அடுத்தத பெத்துக்க" என்று சிரித்துக்கொண்டே டிக் அடித்தீர்கள்.

அடுத்துப் பிறந்த மகளுக்கும் ஐந்து மாதமாகியும் தலை நிற்காதபோதுதான் சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் ஓடினேன். இருவருக்கும் ஒரே அரிய நோய். "மூத்தவன அப்பவே கொண்டாந்திருந்தா மருந்து கேட்டிருக்கும்மா" என்றார்.

மகள் இப்போது மருந்தில் உட்காருகிறாள். மூன்று வயது மகன் படுத்தே கிடக்கிறான். அது என் பொய்யால் வந்தது. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் வாயால் சொல்வதில்லை, பிள்ளையைத் தரையில் விட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் ஏன் உள்ளே வந்து அவனைத் தூக்கிப் பார்க்கவில்லை? இந்தக் கடிதம் வரும் இதே பத்திரிகையில் பதில் எழுதுங்கள், எல்லாரும் படிக்கட்டும்.