நாவல்பழ நிறம்

வெள்ளைச் சட்டையின் மேல் அந்த விரல்கள் நகர்வதைத்தான் முதலில் பார்த்தேன். திருவொற்றியூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் கறையும் தேடும் செக்கிங் மேசை அது. எதிரே நின்ற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கறுப்பு. நகங்களில் முற்றிய நாவல்பழ நிறத்தில் பாலிஷ்.

அந்த நிறத்தைப் பற்றி மேசையில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. கறுத்த கைக்கு வெளிர் ரோஸ்தான் எடுக்கும் என்பார்கள். காலேஜ் பெண்கள் போடுவது என்பார்கள். கல்யாணம் ஆகாதவள் யாருக்காகப் போட்டுக்கொள்கிறாள் என்று அவர் காதுபடவே ஒருத்தி கேட்டாள். அக்கா சட்டையைத் திருப்பிப் போட்டபடியே, "எனக்குத்தான். நாள் பூரா இந்தக் கையத்தான பாத்துகினு கீறேன். வூட்டுக்குப் போனாலும் அதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தன் அம்மா இறந்தபிறகு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் அவர் தனியாக இருந்தார். என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்விடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பாலிஷைத் துடைத்துப் புதிதாகப் போடுவார். காயும்வரை கைகளை விரித்து வைத்தபடி அசையாமல் இருப்பார். கீழே ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருக்கும். "இந்த நேரம்தான் எனக்குப் புடிக்கும். யாரும் வர்லியேன்னு தோணாது. வந்தாலும் கதவத் தொறக்க முடியாதுல்ல" என்றார் ஒருநாள்.

போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறலோடு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டு ஆளுடையது என்று அவர் கொடுத்திருந்த நம்பர் என்னுடையது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி பாலிஷ் மேல் சரியாகக் காட்டவில்லை, துடைத்துவிடுங்கள் என்றார் நர்ஸ். ரிமூவர் வாங்கி வந்தேன். மாஸ்க்கை விலக்கி, "ஒரு விரல் போதுமான்னு கேளு" என்றார் அக்கா. நர்ஸ் தலையாட்டினார். ஆள்காட்டி விரலை மட்டும் துடைத்தேன். உள்ளே நகம் வெளுத்துக் கிடந்தது. அந்த விரலை மடக்கி மறைக்கப் பார்த்தார், நர்ஸ் மாட்டிய கருவி விடவில்லை.

பிழைத்து எழுந்தார். இனித் தனியாக விடமாட்டேன் என்று அவர் தம்பி வந்து ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது செக்கிங் மேசையில் என் எதிரே நிற்கும் பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். என் ஞாயிற்றுக்கிழமைகளும் நீண்டுவிட்டன. போன வாரம் ராயபுரத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் அந்த நிறத்தைக் கேட்டேன். "உங்க கலருக்கு இது எடுக்காதும்மா" என்றார் கடைக்காரர். "பரவால்ல, குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து போட்டுக்கொண்டு வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டேன். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. "நல்லாத்தான் பாத்துக்குறாங்க. தம்பி பொண்டாட்டிதான், இந்த வயசுல எதுக்கு பாலிஷுன்னுச்சி. எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன்" என்றார்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னாடி இது, இவ்ளோ கோணலா கீது?"

"இடது கையால போட வர்லக்கா."

"கிட்ட காட்டு."

விரல்களை விரித்துக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். "அப்டியே வெய்யி" என்றார். திரை முழுக்க என் நகங்கள்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். கை வலித்தது. இறக்கவில்லை.