சாம்பிராணிக் குழம்பு

என் கைக் கறிக்குழம்பைக் குறை சொன்னவர்கள் முத்தியால்பேட்டையில் யாரும் கிடையாது. சொன்னது சேதராப்பட்டிலிருந்து வந்த என் சம்பந்தியம்மா ஒருத்திதான். என் பெண்ணின் கல்யாணத்தன்று கை கழுவிக்கொண்டே, "டவுனுக்காரங்க கறிக்கொழம்பு எல்லாம் தண்ணிதான். எங்க பக்கம் கொழம்பு கரண்டியில நிக்கும்" என்றார். மறுவீட்டு விருந்துக்கு மருமகன் வரட்டும், அப்புறம் அந்தம்மா பேசட்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில்தான் தெருவுக்கு அம்மை வந்தது. பெரியம்மை நாட்டை விட்டே போய்விட்டது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த காலம். சின்னம்மைக்கு ரேடியோ கேட்கிற பழக்கம் இல்லை போலிருக்கிறது. வாசலுக்கு வாசல் வேப்பிலை ஏறிக்கொண்டே வந்தது. அம்மை கண்ட வீட்டில் கறியும் ஆகாது, தாளிதமும் ஆகாது. பக்கத்து வீட்டிலிருந்து அந்த வாசனை போனாலும் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது எங்கள் தெரு வழக்கம்.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நின்று, "பாய், நெஞ்செலும்பா போடுங்க, ஈரல் ஒரு துண்டு வைங்க" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொல்லித்தான் வாங்குவோம். இன்றைக்கு யார் வீட்டில் என்ன என்று நாலு பேருக்குத் தெரியவேண்டாமா? அம்மை வந்ததும் கடை வாசலில் ஒரு பெண்பிள்ளையைக் காணோம். பாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் கறி தீர்ந்துவிடும். எப்படி என்று கேட்டால், பின்வாசல்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. ஆனால் ஒரே சுவர் தள்ளி, பக்கத்து வீட்டு அக்காவின் சின்னப் பையன் வேப்பிலையில் படுத்திருந்தான்.

"வேப்பில எல்லாம் எறங்கினப்புறம் மாப்ளய கூப்டுக்கலாமே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"தண்ணிக் கொழம்பு வெக்கக்கூட பயந்துட்டாங்கன்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லும். நீங்க போய் வாங்கியாங்க."

மில்லுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளியோடு போனார். கறியோடு திரும்பி வந்து, "பின்வாசல்ல பாதி மில்லு நிக்குது. எல்லார் கையிலயும் தூக்குவாளி. ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கல" என்றார்.

சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துக் குழம்பு வைத்தேன். அப்படியும் மசாலா அடங்கவில்லை. ஒரு சட்டி நெருப்பில் சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். நானே இருமிவிட்டேன்.

சுவருக்கு அந்தப்பக்கம் அக்கா குரல். "ஏன்டி, உன் சாம்பிராணில என்னா பட்ட கிராம்பு வாசன அடிக்குது?"

"இப்ப வர்ற சாம்பிராணி அப்டிதான்க்கா."

"எந்தக் கடையில வாங்குன? எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடு."

பெண்ணும் மருமகனும் வந்தார்கள். இலை போட்டேன். சோற்றில் குழியும் செய்தாகிவிட்டது. குழம்புக் கரண்டியை எடுக்கும் நேரம் பார்த்து, புது மாப்பிள்ளையைப் பார்க்க அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். கண் குழம்பின் மேல் போகும் என்று நான் பயந்தால், அது மருமகனின் கழுத்தில் நின்றது.

"மாப்ள, கழுத்துல என்னா, முத்தா?"

"கொசு கடிச்சிதுங்க."

என் பெண் சட்டைக் காலரை இழுத்துப் பார்த்தாள். முதுகெல்லாம் அம்மை முத்து. "நேத்தே ஒடம்பு சுட்டுது. வரலன்னா நீங்க தப்பா நெனப்பீங்கன்னு அம்மாதான் போய்ட்டு வாடான்னாங்க" என்றார் மருமகன்.

நான் இலையை எடுக்கக் குனிந்தேன். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாய் மட்டும் அத்தை."

"ஆத்தா எறங்கியிருக்கிற ஒடம்பு. வேணாங்க."

வாசலில் வேப்பிலை ஏறியது. குழம்பு இனி வீட்டில் இருக்கக்கூடாது. பின்தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அவர்கள் வேதக்காரர்கள், அம்மைக்கும் கறிக்கும் முடிச்சுப் போடமாட்டார்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்த வீட்டம்மா, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, "மாதா கோயில் பூசையில ஒக்காந்து சாப்ட்ட மாதிரியே இருந்திச்சு" என்றாள். அதையும் பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

மகனைப் பார்த்துக்கொள்ளச் சம்பந்தியம்மா பஸ் ஏறி வந்து எங்களோடேயே தங்கினார். கஞ்சி, இளநீர், தாளிக்காத பாசிப்பருப்பு. கரண்டியில் நிற்கிற குழம்பு கேட்டவருக்குக் கரண்டியே வேண்டாத சாப்பாடு.

"என்னாங்க சம்பந்தி, எல்லாம் தண்ணியாவே இருக்குது?"

"ஆத்தா இருக்கிற வூட்ல இப்டிதாங்க."

மருமகனுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அம்மன் கோயிலுக்குப் போய் வந்து, வேப்பிலையை இறக்கினோம். சுவருக்கு அந்தப்பக்கத்துப் பையன் அதற்குள் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை நானே கறிக்கடை முன்வாசலில் போய் நின்றேன். "பாய், நல்லி எலும்பு எல்லாம் எனக்கு. சம்பந்தி வந்திருக்காங்க" என்று நான் சொன்னது சேதராப்பட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

சன்னலைத் திறந்து வைத்துத் தாளித்தேன். மருமகன் தலை நிமிரவில்லை. சம்பந்தியம்மா முதல் கவளத்தைப் போட்டுக்கொண்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். அப்புறம் நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அக்கா கேட்டாள். "ஏன்டி, என்னா சத்தம் அது?"

"சம்பந்திதான்க்கா, சாப்டுறாங்க" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.