மாமா கொடுத்த சங்குப்பூ விதை

எங்கள் மாமா எதைக் கொடுத்தாலும் உத்தரவாதத்தோடுதான் கொடுப்பார். "கேரண்டி நீலந்தான்க்கா" என்று குப்பத்திலிருந்து சங்குப்பூ விதை கொண்டுவந்து நீட்டியபோது, அம்மா வாங்கிக்கொண்டாளே தவிர, வா என்றுகூடச் சொல்லவில்லை. தடா பக்கம் கட்டட வேலை இருக்கிறதென்று நைனாவைக் கூட்டிப்போனவர் மாமாதான். அங்கே சாரம் சரிந்து நைனாவின் கால் நொறுங்கிவிட்டது. அன்றிலிருந்து அம்மா தம்பியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், சரிப்படாவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஜோசியரோ, வீட்டில் விதை போட்டு வளர்த்த நீலச் சங்குப்பூவை அதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை சனீஸ்வரனுக்குச் சாத்தச் சொன்னார். கடைப் பூ ஆகாதாம். அம்மா விதையை ஊறவைத்து, ஓட்டை வாளியில் ஊன்றி, கொடியை ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டாள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, விடிந்ததும் மொட்டைத் தடவிப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூத்தது. பளீரென்று வெள்ளை. திங்கட்கிழமை ஆபரேஷன். அம்மா வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையும் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. சொல்லத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மாமா வந்தார். அன்று பூத்த வெள்ளைப் பூக்களைப் பறித்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முக்கி, ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். "அம்மாகிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றார் என்னிடம். எனக்கு ஒரே குஷி.

"இன்னிக்குப் பூத்ததெல்லாம் நீலங்க்கா!"

அம்மா ஒரு பூவை எடுத்துப் பார்த்தாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தட்டில் அடுக்கினாள்.

கோயிலில் அர்ச்சகரின் கையும் நீலமானது. "ஏமம்மா இது, கையெல்லாம் ரங்கு?" என்று அவர் தெலுங்கு கலந்து கேட்டதும், மாட்டிக்கொண்டோம் என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எங்க வூட்ல பூத்ததுதான் சாமி. சாத்துங்க" என்றாள் அம்மா.

இப்படியும் ஒரு வெகுளி உண்டா என்று எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.

நைனா இன்றும் அந்தக் காலோடுதான் விந்தி விந்தி நடக்கிறார். காப்பாற்றியது டாக்டரா சனீஸ்வரனா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

அன்று கோயிலிலிருந்து நாங்கள் திரும்பியபோது மாமா வாசலோடு கிளம்பப் பார்த்தார். "எங்கடா போற? துன்னுட்டுப் போ" என்றாள் அம்மா. தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். மாமா ஒரு வாய் வைத்தார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.