சிவப்புத் தாள் ஒட்டிய பலகை

அரூர் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை வண்டி கிளம்ப இன்னும் அரைமணி இருக்கிறது. கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. எதிரே ‘சீனப் பல் வைத்தியர்’ என்ற போர்டைப் பார்த்து உள்ளே போகிறேன்.

வயதான சீனர். சேலத்தில் பிறந்தவராம். கிராம்பு எண்ணெய்ப் பஞ்சைப் பல்லில் வைத்து, “கொஞ்ச நேரம் கடிச்சுக்கிட்டு இருங்க” என்கிறார்.

நாற்காலிக்கு எதிரே மாடத்தில் சீன எழுத்து எழுதிய இரண்டு சின்ன மரப்பலகைகள். முன்னால் ஆவி பறக்க ஒரு டம்ளர் டீ.

“புத்தருக்கா?” என்கிறேன், பஞ்சோடு.

“புத்தர் அந்தச் செவுத்துல இருக்காருங்க. இது எங்கப்பா பேரு. சாவுக்குப் புத்தர், உடம்புக்குத் தாவோ, அப்பா அம்மாவுக்குக் கன்பூசியஸ். சீனாவுல ராஜா ஆண்ட காலத்துல இருந்தே எங்க வூட்டுல இந்த மூணு மார்க்கமும் உண்டுங்க. அப்பா செத்துட்டாலும் அவருக்குக் குடுத்துட்டுத்தான் நான் டீ குடிக்கணும்.”

இரண்டாவது பலகையில் எழுத்தை மறைத்துச் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது.

“அது நானுங்க. உசுரோட இருக்கிறவன் பேரை மூடி வெக்கணும். போனப்புறம் மகன் தாளை உரிப்பான்.”

“மகன் எங்கே?”

“எனக்கில்லீங்க. தம்பி மகன் இருந்தான். சீனாச் சண்டைக்கப்புறம் அவங்கெல்லாம் சீனாவுக்கே கப்பலேறிட்டாங்க.”

வெளியே கண்டக்டர் விசில் ஊதுகிறார். எழுந்து செருப்பை மாட்டுகிறேன். அவர் வாசல்வரை வருகிறார்.

“இந்தப் பக்கம் அடிக்கடி வருவீங்களா? ஈரத்துணி வெச்சா தாளு லேசா வந்துரும்.”

வாயில் பஞ்சு இருப்பதாகச் சைகை காட்டிவிட்டு வண்டிக்கு ஓடுகிறேன். அந்தப் பஞ்சோடுதான் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்தேன்.