குத்தி வந்த கேட்ச்

பேஸ்பால் தெரியுமா என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த ஆறு மாதம் என் வயிறு பட்ட பாடு இருக்கிறதே, சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு எதிரே ஒரு பழைய குடோன். கீழே மூட்டைகள், மாடியில் ஏசி போட்டு எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் தயாராகும் வீடியோ கேம்களை, கடைக்குப் போவதற்கு முன்னால் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அப்போது வந்தது ஒரு பேஸ்பால் கேம். அதிலும் எங்கள் பங்குக்குக் கிடைத்தது ஃபீல்டிங் மட்டும். திரையில் பந்தைத் துரத்துகிறவன் நிஜ மனிதனைப் போல ஓடுகிறானா, குனிகிறானா, பிடிக்கிறானா, எறிகிறானா என்று பார்க்க வேண்டும்.

நான் பேஸ்பாலைப் பார்த்ததே பக்கத்து வீட்டு டிவி கேமில்தான். ஆயிரம் ஆட்டம் இருப்பதாகப் பொய் சொல்லி விற்ற கேசட்டில் அதுவும் ஒன்று. பட்டனை அழுத்தினால் எல்லா ஃபீல்டரும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்வார்கள். ஒருத்தன் பந்தை நோக்கிப் போவான், மற்றவன் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பான். அடிப்போம், எவனோ ஓடுவான், ஏதோ சத்தம் வரும், கைதட்டுவோம். விதி என்னவென்று எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த லட்சணத்தில்தான் தெரியும் என்று வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன் என்றால், எங்கள் அப்பா. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், இருபது வருடத்துக்கு மேல் கான்ட்ராக்ட். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தவர்கள் பெர்மனென்ட் ஆகி உள்ளே கேன்டீனில் சாப்பிட்டார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே மர நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்தார். எங்கள் வீட்டில் பெர்மனென்ட் என்ற சொல்லைச் சாமி பேரைப் போலத்தான் சொல்வோம். எனக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரமே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா நைனா, பெர்மனென்ட் பண்ட்டானுங்களா?”

“இப்பதாம்ப்பா சேந்துகிறேன்.”

“அத்தான் சொல்றேன். கேட்டா எல்லாம் தெரியும்னு சொல்லு. தெரியாதுன்னு சொன்னவன எவன் வச்சிகினு கீறான்?”

தினமும் காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நிற்கும். மூச்சு முட்டும். இன்றைக்கு யாராவது என்னிடம் ஏதாவது விதியைக் கேட்டுவிடுவார்களோ என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். பஸ் நகர்ந்தால் பயம், நின்றால் தாமதமாகிவிடுமே என்ற பயம். ஆறு மாதத்தில் என் நகங்களைக் கடித்தே தீர்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விதி தெரியாதே தவிர ஃபீல்டிங் எனக்குத் தெரியும். எங்கள் தெரு அணியில் நான் பேட்டிங்குக்கு ஆகாதவன், பவுலிங்குக்கும் ஆகாதவன், ஓட விடுவதற்கென்றே வைத்திருந்த ஆள். கடற்கரையோரம் கொட்டியிருந்த பாறாங்கற்களில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத பந்தைப் பிடித்துப் பழகியவன். அதனால் அந்த கேமில் ஃபீல்டர்களைப் பார்த்த முதல் நாளே எரிச்சலாக இருந்தது. ஒருத்தனும் முதல் அடியைத் தப்பாக எடுத்து வைக்கவில்லை. மட்டையில் பந்து படுவதற்கு முன்பே அது விழப்போகிற இடத்துக்கு ஓடத் தொடங்கிவிட்டான். நிஜத்தில் எவனால் முடியும்? உயரப் போன பந்து முதலில் முன்னால் விழுகிற மாதிரித்தான் தெரியும், இரண்டு அடி முன்னால் போவோம், ஐயோ என்று திரும்பி ஓடுவோம். திரையில் ஓடுகிறவன் கால் தரையில் பாவவில்லை, வழுக்கிக்கொண்டு போனான். கையுறைக்குள் விழுந்த பந்தைத் தேடாமலே அடுத்த கையில் எடுத்தான். கஷ்டமான பந்தைப் பிடித்துவிட்டுத் தடுமாறி எறிந்தாலும் அது பிடிப்பவன் நெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் குழுவை மேய்க்கிற லீட் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகப் பேசுவார். “நல்லா கவனிச்சிருக்கீங்க. நீங்க விளையாடுனவர்னு தெரியுதுங்க” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டு விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு, வடசென்னையில் எல்லாத் தெருவிலும் உண்டு. ஒன் பிட்ச், ஒன் ஹேண்ட். பந்து ஒரு தடவை தரையில் குத்தி எழும்பினாலும், ஒரே கையால் பிடித்துவிட்டால் பேட்ஸ்மேன் அவுட். சந்து குறுகல், நல்ல பேட்ஸ்மேனை வேறு வழியில் வெளியே அனுப்ப முடியாது, அதற்காக வந்த சட்டம். பிறந்ததிலிருந்து அப்படியே ஆடியதால் அது ஒரு சட்டம் என்ற நினைப்பே எனக்குக் கிடையாது.

பேஸ்பாலில் ஃபீல்டர் ஒரு கையில்தான் கையுறை போட்டிருப்பான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிஜ ஆட்டங்களின் சிடிக்களைக் கொடுத்திருந்தார்கள். அதில் பந்து குத்தி எழும்பும், ஒற்றைக் கையுறையில் எடுப்பான், பிறகு சாவகாசமாக ஓரத்தில் நிற்கிறவனுக்கு எறிவான், அடித்தவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போவான். அடித்தவன் ஓடி வந்து சேர்வதற்கு முன்னால் போய்ச் சேரும் அந்த எறிதலால்தான் அவன் அவுட் ஆகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிடித்ததிலேயே அவுட், எறிவது நாம் பந்தை பவுலருக்குத் திருப்பித் தருவது மாதிரி என்று நினைத்தேன். கேமில் ஃபீல்டர் முன்னால் பாய்ந்து, குத்தி வந்த பந்தை எடுத்தால், எறியாமலே அம்பயர் முஷ்டியை உயர்த்தி அவுட் கொடுத்தார். அதுதான் அந்த கேமின் பெரிய பிழை. எனக்கு அது துளிகூட உறுத்தவில்லை.

வேலையை இரண்டு பேராகச் செய்வோம். ஒருத்தர் ஆடுவார், இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக இருப்பதற்கெல்லாம் தாளில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடுவார். நான் ஆடுகிறவன். டிக் போடுகிறவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வந்த பெண், எனக்கு இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்தவள். அவள் அம்மா மாநகராட்சியில் குப்பை வண்டி வேலை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வந்த முதல் ஆள் அவள்தான். தாளில் ஒரு கிறுக்கல், ஒரு அடித்தல் இருக்காது.

முதல் தடவை பார்த்தபோதே கேட்டாள். “ண்ணா, இது கீய குத்திச்சில்ல? அவுட்டா?”

“குத்தினா இன்னா? ஒரு கைல புட்சிகினான் பாரு. அவுட்டுதான்.”

“எங்க தெருவுலயும் அப்டித்தான். வெள்ளக்காரனுக்குமா அப்டி?”

“எல்லாருக்கும் ஒரே பந்துதான்” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

டிக் போட்டாள். பத்து நாள் கழித்து ஒரு சிடியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். “இத்த பாரேன். குத்தி வந்துச்சு, புட்சான், எறிஞ்சான், அந்தாண்ட கீறவன் பந்த வுட்டுட்டான். அட்சவன் வெளிய போவாம அங்கியே நிக்கிறான். புட்சப்பவே அவுட்டுன்னா இன்னாத்துக்கு நிக்கிறான்?”

முழுதாகப் புரியவில்லை, ஆனால் ஏதோ கலீஜாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. அவளை லீட்டிடம் கேட்க விட்டால், பேஸ்பால் தெரிந்தவன் என்ற என் சாயம் அங்கேயே வெளுத்துவிடும். கோபம் வந்தது. பயத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

“உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா? இன்டர்வியூல என்னியத்தான் கேட்டு எட்தாங்க. பேஜாரு பண்ணாத, டிக் போடு.”

டிக் போட்டு, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தண்டையார்பேட்டையில் இறங்கி ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து தேடினேன். பந்து தரையைத் தொட்டுவிட்டால் கேட்ச் இல்லை. அவ்வளவுதான். நாலு வரியில் எழுதியிருந்தது, ஒரு தடவை படித்தாலே போதும். நான் பத்துத் தடவை படித்தேன், ஏதாவது ஒரு மூலையில் ஒரு கைக்கு விலக்கு இருக்காதா என்று.

மறுநாள் சொல்லியிருக்கலாம். ‘இன்றைக்குக் கண்டுபிடித்தேன்’ என்று எழுதினால், இத்தனை நாள் டிக் போட்டது எப்படி என்று கேட்பார்கள். பெர்மனென்ட் ஆவதற்கு இன்னும் மூன்றே வாரம். வெளிநாட்டுக்காரன் கண்ணிலேயே பட்டுவிடும், அவனே திருத்திவிடுவான், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். குத்தி வரும் பந்தைத் திரையில் வேண்டுமென்றே தவறவிட்டு ஆடினேன். அவள் அதையும் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது, குத்தி வந்த பந்துக்கு அவுட் கொடுப்பதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று. லீட் நின்றுகொண்டே படித்தார். தாள்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், புரட்டினார், எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்து, அழகான கையெழுத்து. அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். உள்ளே பேசுவது கேட்காது, ஆனால் எல்லாம் தெரியும். அவர் கேட்கக் கேட்க அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினால் பத்து அடி. என் கால் எழும்பவே இல்லை. எனக்குள்ளே ஒரு பாழாய்ப்போனவன், அவள் என் பேரைச் சொல்லிவிடுவாளோ என்று மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து தண்ணீர் பாட்டிலையும் டிபன் பையையும் எடுத்தாள். நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதத்தான் வேண்டும். “எம்பேரு வந்துச்சா?”

“இல்லண்ணா” என்றாள். “கையெழுத்து என்துதானே.” போய்விட்டாள். அன்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, “இதுல எங்கடா போட்டுகீது பெர்மனென்ட்டுனு?” என்று கேட்டார். காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு தெரு முழுக்க லட்டு கொடுக்கப் போனார். அவர் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழித்து வியாசர்பாடிக்குப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன். வீடு மூன்றாவது மாடி. அவள் அம்மா வாசலில் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நீதானா அந்த கேம் தெர்ஞ்ச அண்ணன்? டெய்லி உன்னியப் பத்தித்தான் பேசும். வாப்பா, குந்து.” வேலை குறைந்துபோய் ஆட்களை அனுப்பிவிட்டார்கள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். “உனுக்கு வேல நெலச்சிச்சா?”

“நெலச்சிச்சும்மா.”

“ஒருத்தருக்காச்சும் நெலச்சிச்சே. இவுளுக்கும் எங்கனா சொல்லி வுடுப்பா.”

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தேன். படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள்.

“இன்னாத்துக்குண்ணா வந்த?”

“தப்பு எம்மேலதான்னு சொல்லலாம்னு...”

“எங்கம்மாகிட்டயா?” கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “அத்த ஆபீசுல சொல்லுண்ணா. இங்க சொல்லி இன்னா கீது?”

திங்கட்கிழமை கண்டெய்னர் லாரி ஒன்றும் மறிக்கவில்லை, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. லீட் உள்ளே தனியாகத்தான் இருந்தார், என்னைப் பார்த்து, “வாங்க, என்னங்க?” என்றார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.