ஏழாவது மாடிப் பால்கனியில் ஒரு மணி நேரம்

மருத்துவமனையில் அவளை எல்லோரும் மைக்கம்மா என்பார்கள். எந்த மருத்துவர் எந்த வார்டுக்கு வர வேண்டும் என்று இருபத்தாறு வருடம் ஒலிபெருக்கியில் சொன்னவள். குரலில் ஒரு பிசிறு இருக்காது. ஆள்தான் நேர்மாறு, கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்கிற ரகம்.

மகள் வேலை கிடைத்துப் போனாள். மறு வருடமே மகன் படிக்கப் போனான். அந்தச் சமயம் பார்த்து, அச்சு இயந்திரம் பொருத்தும் வேலையிலிருந்த கணவரை நிறுவனம் எட்டு மாதத்துக்கு வெளியூர் அனுப்பியது.

"இங்க தனியா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறதுக்கு, அங்க வந்து பாரேன்" என்றார் அவர்.

சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஏழாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவர் எட்டு மணிக்குப் போனால் திரும்ப ஏழாகும். ஐந்து வாரத்தில் அவளுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றே ஒன்று. லிஃப்டில் பார்த்தும் பார்க்காதது போல நிற்கும் பக்கத்து வீட்டுக்காரி. தலைக்கனம் பிடித்தவள் என்று மைக்கம்மா முடிவு கட்டியிருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அடுப்பில் இரண்டு முட்டையை வேகப்போட்டுவிட்டு, ஈரத் துண்டைக் காயப்போடப் பால்கனிக்கு வந்தாள். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பூட்டு தானாக விழுகிற கதவு. வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அடுப்பு ஞாபகம் வந்தது.

கதவைத் தள்ளினாள், தோளால் இடித்தாள். கண்ணாடியில் செருப்பால் அடித்தாள். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தாள். வரிசையாகக் கார்கள், மனித வாடையே இல்லை. உள்ளே மேசைமேல் போன் அடித்தது. மகள்தான், அவளுக்கென்று வைத்த பாட்டு. நின்றது. மறுபடி அடித்தது. கண்ணெதிரே, ஐந்தடி தூரத்தில்.

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மெல்ல மாறி, சுரீர் சுரீர் என்று கேட்டது. பிறகு ஒரு முட்டை வெடித்தது. அடுப்புக்கு மேலே பிளாஸ்டிக் டப்பாக்கள், பக்கத்தில் கைத்துணி. கண்ணாடிக்கு அப்பால் புகை நூலாக எழுந்தது. ஏழு மணிக்கு அவர் வந்து கதவைத் திறக்கும்போது என்ன பார்ப்பார் என்று நினைத்துப் பார்த்தாள்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். வந்தது அந்த மருத்துவமனைக் குரல்.

"கவனிக்கவும். ஏழாவது மாடி, தெற்குப் பக்கம். வீட்டுக்குள் தீ அபாயம். உடனே வரவும்."

எதிர்க் கட்டடத்தில் கயிற்றில் தொங்கிச் சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் ஸ்பீக்கர் எங்கே என்று நாலு பக்கமும் தேடினார். மூன்றாவது தடவைதான் அவளைக் கண்டுபிடித்தார்.

"அம்மா! வீட்ல வேற யாரும் இல்லையா?"

"யாருமே இல்ல!" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அவர் கீழே யாருக்கோ குரல் கொடுத்தார். காவலாளி ஓடுவது தெரிந்தது. புகை கெட்டியாகிக்கொண்டே போயிற்று. இவள் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். அப்போது, பக்கத்துப் பால்கனியின் தடுப்புச் சுவரைத் தாண்டி சோப்பு நுரையோடு ஒரு கை நீண்டது.

"அக்கா, என் கையைப் பிடிச்சுக்கங்க. காவலாளி வெளியே கேஸ் குழாயை அடைச்சுட்டார். இனி எரியாது. பூட்டு திறக்கிறவர் வந்துட்டே இருக்கார்."

முகம் தெரியவில்லை. மைக்கம்மா அந்தக் கையை விடவேயில்லை. பூட்டு திறக்க முக்கால் மணி நேரமாயிற்று. அதுவரை அந்தக் குரல் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தது. தனக்குக் கடுமையான கிட்டப் பார்வை என்றும், கண்ணாடி போடப் பிடிக்காததால் லிஃப்டில் யார் முகமும் தெரிவதில்லை என்றும் சொன்னது.

உள்ளே போனபோது பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. கைத்துணியின் ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான். போனில் மகளின் ஒன்பது அழைப்புகள். இவளே கூப்பிட்டாள்.

"எங்கம்மா போன? என் பழைய சர்டிபிகேட் எந்தப் பெட்டியில இருக்கு?"

"பச்சைப் பெட்டி, அடியில" என்றாள். வைத்துவிட்டாள்.

மாலையில் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கதவுகிட்டயே தோத்துட்டியா?" என்றபடி பால்கனிக் கதவை இழுத்துப் பார்த்தார். பிறகு கீழே எட்டிப் பார்த்தார். சிரிப்பு போயிற்று. மறுநாளே அந்தப் பூட்டைக் கழற்றி எறிந்தார். பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைத்தார்கள். அப்படியும் பால்கனிக்குப் போகும்போதெல்லாம் அவள் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

தினமும் பத்து மணிக்கு அவர் போன் செய்வார். "உள்ளதானே இருக்க?"

"உள்ளதான் இருக்கேன். வேலையைப் பாருங்க" என்று சிடுசிடுப்பாள்.

ஒரு நாள் போன் வரவில்லை. பத்தேகாலுக்கு அவளே கூப்பிட்டாள். குரல் நடுங்கியது.

"என்னங்க, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"